கடைசி இடம் என் சுற்றில் வந்தது

ஊட்டியில் எங்கள் அரசு அலுவலகத்துக்கு வந்த அதிகாரி எவரும் ஒரு பனிக்காலத்தை முழுதாகப் பார்த்ததில்லை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஏறி வருவார்கள். வந்ததும் ஊழியர்களின் திறனை மதிப்பிடப் புதிதாக ஒரு திட்டம் கொண்டுவருவார்கள். உறைபனி விழுந்ததும் இடமாற்றம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். திட்டமும் அவர்களோடு இறங்கிவிடும். ஒருவர் நட்சத்திரம் போடச் சொன்னார். அடுத்தவர் அன்றாட வேலையைக் கைப்பேசியில் பதியச் சொன்னார். அதன் கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் போனபிறகுதான் தெரிந்தது.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திட்டம் வந்தாலும் முதலிடமும் கடைசி இடமும் நாங்கள் பேசிவைத்தபடி ஆளுக்கொரு தடவை சுற்றில் வரும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

போன வருடம் வந்தவர், நாங்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட வேண்டும் என்றார். கடைசியாக வருபவருக்கு மலையடியில் காட்டோரம் இருக்கும் மசினகுடிக்கு மாற்றல். அந்தச் சுற்றில் கடைசி இடம் எனக்கு.

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. ஊட்டி ஆஸ்பத்திரியில் வாரம் தவறாமல் டயாலிசிஸ். கைத்தாங்கலாகக் கூட்டிப்போக என்னை விட்டால் ஆளில்லை.

"ஏனுங்க, இந்தத் தடவை மட்டும் மாத்திக்கலாமுங்களா?" என்று பக்கத்து மேசை டைப்பிஸ்டிடம் கேட்டேன்.

"அட, நீங்க வேறக்கா! பனி விழட்டும், சார் பெட்டியக் கட்டிருவாருங்க," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அதிகாரி ஊட்டியை ஒட்டிய பெர்ன்ஹில்லில் வீடு பிடித்தார். மகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தார். ஒரு மாலை அவர் வீட்டு வாசலில் விறகு லோடு இறங்குவதைப் பார்த்தேன். ஓடிப்போகிறவர் யாரும் அவ்வளவு விறகு வாங்கமாட்டார். இவர் போகமாட்டார் என்று சொன்னால் அலுவலகத்தில் கேலி செய்தார்கள். மதிப்பெண்ணை வழக்கப்படியே போட்டார்கள். பிறகு என்னவோ, என் முகம் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

உறைபனியில் புல்வெளியெல்லாம் வெளுத்தது. அவர் போகவில்லை. தை பிறந்ததும் என் மாற்றல் ஆணையில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே பதவி உயர்வு வந்து, வாங்கிய விறகை எரித்துத் தீர்க்காமல்கூடக் கிளம்பிப் போனார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதியவர் பொறுப்பேற்ற அன்றே மாற்றலை ரத்துசெய்யக் கேட்டுப் போய் நின்றேன்.

"அந்தத் திட்டத்தை நிறுத்தியாச்சும்மா. ஆனா போட்ட ஆர்டர் போட்டதுதான். கூட வேலை செய்யறவங்களே உங்களுக்கு இவ்வளவு கம்மியாப் போட்டிருக்காங்களே?"

"அது நெசமில்லீங்க சார். சுத்து வெச்சுப் போடறதுங்க. எல்லாரையும் கூப்பிட்டுக் கேளுங்க."

கூப்பிட்டார். வந்து நின்றார்கள். ஆமாம் என்று ஒருவர் சொன்னாலும் போதும், நான் ஊட்டியிலேயே இருந்திருப்பேன். ஆனால் ஆமாம் என்றால் இத்தனை வருடம் அவர்கள் வாங்கிய நல்ல பெயரும் பொய்யாகிவிடும். அறை அவ்வளவு குளிர்ந்து நான் கண்டதில்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்," என்றார் டைப்பிஸ்ட். மற்றவர்கள் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

நான் வெளியே வந்ததும் டைப்பிஸ்ட் என் பின்னாலேயே ஓடிவந்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. அடுத்த சுத்துல மொத இடம் உங்களுக்குத்தானுங்க."