ஒன்றும் விடாமல் எழுதச் சொன்ன மாமனார்

வயது எழுத அந்த வருமான வரிப் படிவத்தில் இடமே இல்லை. பெயர், தகப்பனார் பெயர், தொழில், விலாசம், எந்தெந்த வகையில் என்னென்ன வருமானம் என்றெல்லாம் கேட்டிருந்தார்களே தவிர, எழுதுகிறவருக்கு எத்தனை வயது என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. என் மாமனாருக்கு அது பெரிய மனக்குறையாகப் போய்விட்டது. "எழுவத்திரண்டு வயசுக் கெழவன்னு தெரிஞ்சா கொஞ்சம் மரியாதையாக் கேப்பான் இல்ல? ஓரத்துல எழுதும்மா" என்றார். ஓரத்தில் எல்லாம் எழுதக் கூடாது என்று அவர் காதருகே போய்க் கத்தினேன். அவருக்கு இடது காது அறவே கேட்காது. வலது காது அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கும். கடைசியில் ஓரத்தில் எழுதித்தான் கொடுத்தேன். இன்றைக்கு வயதானவர்களுக்கென்று வருமான வரியில் தனிச் சலுகை, தனி வரம்பு எல்லாம் வந்துவிட்டன. என் கணக்கை என் மகன் ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு வருகிறான். அவன் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போடுவதோடு சரி. அப்படியும் படிவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. அதற்குக் காரணம் என் மாமனார்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில் திருத்தணி மலை அடிவாரத்தில் எங்களுக்குத் தேங்காய் மண்டி இருந்தது. மலைமேல் இருந்த அர்ச்சனைக் கடைகளுக்கெல்லாம் எங்கள் தேங்காய்தான் போகும். என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து அசாம் பக்கம் எங்கோ இருந்தார். வீட்டில் மாமனார், மாமியார், நான், மூன்றே பேர். நான் அரக்கோணத்து ரயில்வேக்காரர் மகள், மூன்றாவது பாரம் வரை இங்கிலீஷ் படித்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் என் படிப்பு மாமியார் கண்ணில் ஒரு குறையாகத்தான் பட்டது. வரி ஆபீஸிலிருந்து முதன்முதலாக இங்கிலீஷில் நோட்டீஸ் வந்த அன்று அதற்கும் ஒரு உபயோகம் கிடைத்தது. முதலில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைத்தான் கூப்பிட்டார்கள். அவர் காபியைக் குடித்துவிட்டு, "பாதியக் காட்டினாப் போதும் பெரியவரே, எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க" என்றார். அந்த நேரம் பார்த்து மாமனாருக்கு வலது காது நன்றாகக் கேட்டது. "மீதிப் பாதிய யாரு வூட்டுதுன்னு சொல்றது?" என்று கேட்டு அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதோடு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மண்டியின் கணக்கு சுத்தமாக இருந்தது. கொள்முதல், விற்பனை, வண்டிக்கூலி, அழுகல் என்று ஒரே நாளில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் 'எல்லா வகையிலும் வந்த வருமானம்' என்று படிவத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன் பாருங்கள், அதுதான் நான் செய்த தப்பு. மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமனார் என் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு வந்தது ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். திருவாலங்காட்டுப் பக்கம் இருந்த நிலத்தின் நெல்லைச் சேர்க்க வேண்டாம், விவசாய வருமானத்துக்கு இந்த வரி கிடையாது என்று படிவத்தோடு வந்த குறிப்பிலேயே போட்டிருந்தது. "வூட்டுக்கு வந்துச்சா இல்லியா? வந்தா எழுதணும்" என்றார். நெல்லை எழுதினேன். ஆடிக் கிருத்திகை முடிந்து குருக்கள் கொடுத்தனுப்பிய தேங்காய் மூடிகளை எழுதினேன். கூட்டம் கலைந்த பிறகு மண்டி வாசலில் கண்டெடுத்த அரையணாவை, அது எந்த வருடம் என்று அவருக்கே நினைவில்லாததால், இந்த வருடத்தில் எழுதினேன். கடைசியாகப் பசு ஈன்ற கன்றுக்குட்டி வந்தது. "கன்னுக்குட்டி எப்படி மாமா வருமானமாவும்?" என்றேன். "போன வருசம் இல்ல, இந்த வருசம் இருக்குது. வேற எப்படி வந்துச்சாம்?" என்றார். தலையில் அடித்துக்கொண்டு கன்றுக்குட்டியையும் எழுதினேன். படிவத்தோடு இணைத்த தாள்கள் மட்டும் பதினொன்று ஆயின.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்து நான் பேனாவை மூடும்போது, "ஒன்னும் வுட்டுப் போவலியேம்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விதான் என்னை வதைத்தது. ஏனென்றால் விட்டுப்போன ஒன்று இருந்தது, அது என்னுடையது. கே.ஜி.கண்டிகையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பட்டாளத்துக்காரர் மனைவிமார் மதிய நேரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வருவார்கள். புருஷனிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்ட ஒரு அணா, பதில் எழுத இரண்டு அணா வாங்குவேன். புண்ணியத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றுதான் மாமியார் நினைத்துக்கொண்டிருந்தார். காசைப் புளிப் பானைக்குள் போட்டு வைப்பேன். மாதாமாதம் கிருத்திகைக்கு மலைக்கு வரும் என் அம்மாவின் கையில் அதைக் கொடுத்தனுப்புவேன். அப்பா இறந்த பிறகு அம்மா அப்பளம் இட்டுத்தான் காலம் தள்ளினாள். அரக்கோணத்தில் என் தங்கையின் பள்ளிக்கூடச் சம்பளம் இந்தக் காசில்தான் நடந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் மாமியார் கிணற்றடிக் கதவைச் சாத்திவிடுவார், தங்கையின் படிப்பு அன்றோடு நின்றுவிடும். மருமகள் சம்பாதித்தால் அது புகுந்த வீட்டுக் காசு. அதைத் தாய்வீட்டுக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. அந்தக் காலத்து நியாயம் அது. அரையணாவைக்கூட விடாதவர் எதிரில் உட்கார்ந்து, "ஒன்னும் வுட்டுப் போவல மாமா" என்று தினமும் பொய் சொன்னேன்.

எழுதி முடித்ததும் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். சாமி பாதத்தில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார். முழங்கால் வலியோடு ஒவ்வொரு மண்டபத்திலும் உட்கார்ந்து எழுந்து, கவரை என் கையில்கூடக் கொடுக்காமல் அத்தனை படியும் ஏறினார். குருக்கள் அதைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கிப்போய்க் கவரிலிருந்து எடுத்துப் பாதத்தில் வைத்துவிட்டு, மொத்தத் தொகை எழுதியிருந்த இடத்திலேயே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துக் கொடுத்தார். வேறு தாளில் எழுதி அனுப்பலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "சாமி தொட்டுட்டாரும்மா, மாத்தக் கூடாது" என்று அப்படியே அனுப்பினார். கறை படிந்த படிவம் ஏற்கப்படாது என்று அது போன வேகத்தில் திரும்பி வந்தது. பதினோரு தாளையும் கன்றுக்குட்டி உட்பட மறுபடி எழுதினேன்.

அதற்கும் பதில் வந்தது. குறிப்பிட்ட நாளில் அதிகாரி எங்கள் ஊருக்கு வருவார், முசாபரி பங்களாவில் தங்குவார், எல்லாக் கணக்குப் புத்தகங்களோடும் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருந்தது. மாமனாரின் காதாகவும் வாயாகவும் நானும் போனேன். வராந்தாவில் ஊர் வியாபாரிகள் பத்துப் பேர் காத்திருந்தார்கள், பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதிகாரி தெலுங்கர், கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரர், தமிழ் நன்றாகவே பேசினார். பதினோரு தாளையும் என் முன்னால் வைத்து, "கன்றுக்குட்டியைக் கணக்குக் காட்டின ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லைம்மா. இவ்வளவு காட்டுறவர் எதையோ பெரிசா மறைக்கிறார்னுதான் எனக்குத் தோணுது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒன்றும் காட்டாதவர்கள் வராந்தாவில் வெற்றிலை மென்றுகொண்டிருக்க, எல்லாவற்றையும் காட்டியவர் இங்கே குற்றவாளியாக உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி புத்தகங்களை இரண்டு மணி நேரம் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "இதிலே எழுதாத வருமானம் உங்கள் வீட்டிலே வேறு ஏதாவது உண்டா? கேட்டுச் சொல்லும்மா" என்றார். மாமனார் காதில் நான் குனிந்தேன். "எல்லாம் சரியா எழுதியிருக்கான்னு கேக்கறாரு மாமா" என்று கத்தினேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நான் கேட்டதைக் கேளும்மா" என்றார். வேறு வழியில்லாமல், என் தலையில் விழப்போகும் கல்லை நானே தூக்கிக் கொடுப்பது மாதிரி, அந்தக் கேள்வியை வார்த்தை மாறாமல் அவர் காதில் கத்தினேன்.

"ஆங், இருக்குதுங்க" என்றார் மாமனார்.

"பட்டாளத்துக்காரங்க பொண்டாட்டிங்களுக்கு இந்தப் பொண்ணு லெட்டர் எழுதிக் குடுத்துகினு இருக்குது. காச புளிப் பானையில போட்டு வைக்குது. தேங்கா வாங்க வர்ற பொண்ணுங்க சொல்லிச்சுங்க, ரொம்ப நாளாத் தெரியும். மாசாமாசம் அவுங்க அம்மா வந்து வாங்கிகினு போவாங்க, தங்கச்சி படிக்குது."

வராந்தாவில் இருந்த பத்துப் பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். காது கேளாதவர்கள் மெதுவாகவா பேசுவார்கள்?

"அப்போ இதை ஏன் எழுதலை?" என்றார் அதிகாரி. நான் சொல்வதற்குள் மாமனாருக்கே அது கேட்டுவிட்டது. "என்னுது இல்லீங்களே. என் வருமானத்தத்தானே கேட்டிருந்தீங்க? அது அதோடது. எனக்கோ எம் பொண்டாட்டிக்கோ அதுல பாத்தியதை இல்ல. நீங்க கேட்டதால சொல்றேன், அப்டியே எழுதிக்குங்க." மாதம் ஐந்தாறு ரூபாய் பெறாத விஷயத்தை எழுத வேண்டாம் என்று அதிகாரி எவ்வளவோ பார்த்தார். அவரும் அன்று என் நிலைமைக்கு வந்து சேர்ந்தார். எழுதினால்தான் ஆச்சு என்று மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் அதிகாரி நெல்லையும் கன்றுக்குட்டியையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, மண்டிக்கு நியாயமான வரி போட்டு, அடியில் வாக்குமூலமாக அதையும் இங்கிலீஷில் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். படித்துக் காட்ட வேண்டியவளும் நான்தான். என் பெயரைச் சொல்லி, கடிதம் எழுதி அவள் சம்பாதிப்பது அவளுக்கே சொந்தம், குடும்பத்தில் வேறு யாருக்கும் உரிமை இல்லை என்று தமிழில் சொல்லி, அவர் காதில் விழுகிற மாதிரிக் கத்தினேன். "சரியா எழுதிகினாரு" என்று கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். இனி ஊருக்கே தெரியும், மாமியாருக்குத் தெரிய எத்தனை நாழி ஆகும்? "தெரிஞ்சுகினே எதுக்கு மாமா தெனமும் ஒன்னும் வுட்டுப் போவலியேன்னு கேட்டீங்க? நான் செத்துச் செத்துப் பொழைச்சேனே" என்று நடுத்தெருவில் கத்தினேன். "என்னுதத்தாம்மா கேட்டேன்" என்றார், நான் ஏன் கோபப்படுகிறேன் என்று புரியாதவராக.

நான் பயந்தபடியே எங்களுக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. புளிப் பானையைக் கவிழ்த்துக் காசைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். "எங்க வூட்டுல உக்காந்துகினு உங்க அம்மா வூட்டுக்குச் சேத்துகினு இருந்தியாடி?" என்று ஆரம்பித்தவரை மாமனார் முடிக்கவிடவில்லை. "ஏய், எடுத்த எடத்துல வையி. ஆபீசர் எழுதிகினாரு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீ அத தொட்டீன்னா நான் கவருமெண்டுக்குப் பொய் சொன்னவனா ஆயிடுவேன்" என்றார். அவரோடு நாற்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தவர் மாமியார். இதற்குமேல் பேசிப் பயனில்லை என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் காலையில் பானையைப் பார்த்தேன். காசெல்லாம் பானைக்குள் திரும்பிப் போயிருந்தது. தங்கை படிப்பை முடித்து, பிறகு அவளே வாத்தியாரம்மாவாகவும் ஆனாள்.

அடுத்த வருடம் படிவம் வந்தபோது ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. மாமனார் அந்த அதிகாரிக்கு ஆள் அனுப்பி இன்னொன்று கேட்டு வாங்கியிருக்கிறார். அதை என் முன்னால் வைத்து, "இது உன்னுது. உன் பேரப் போட்டு நீயே எழுதிக்க. நான் பாக்க மாட்டேன்" என்றார். என் வருமானத்துக்கு இதெல்லாம் வேண்டியதே இல்லை, ஆபீஸில் சிரிப்பார்கள் என்று வலது காதில் கத்திப் பார்த்தேன். கேட்கவில்லை. எழுதி முடிக்கும் வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து பதில் வந்தது.

"இன்னா எழுதியிருக்கான்?" என்றார்.

"வரி கட்டற அளவுக்கு உங்க மருமவ சம்பாரிக்கலியாம். இனிமே படிவம் அனுப்பிச்சுத் தொந்தரவு பண்ண வேணாமாம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த வருசம்தானே இல்ல? அடுத்த வருசம் கட்டுவான்னு பதில் எழுதும்மா" என்றார்.

எழுதினேன். அவரோடு யார் மல்லுக்கட்டுவது?