இருபத்திரண்டு முதுகுகள்

முதியோர் பராமரிப்பு இல்லத்தின் முதல் மாடியில் அவளை எல்லோரும் முறைப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயருக்குத் தகுந்த முகம். குளிப்பாட்டும்போதும் முறைப்பாள், சோறு ஊட்டும்போதும் முறைப்பாள். ஆனால் அவள் விரித்த படுக்கையில் ஒரு மடிப்பு இருக்காது. அதனால் யாரும் அவள்மேல் புகார் எழுதியதில்லை.

பதினாறு வருஷம் உதவியாளராக இருந்துவிட்டு, நாற்பத்து நாலு வயதில் செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மூன்று வருஷப் படிப்பு. எல்லாம் முடிந்து ஒரே ஒரு ஆய்வுப் பாடம் மிச்சம். வேலை செய்யும் இடத்தில் நடக்கும் ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, அது சரியா தப்பா என்று எழுத வேண்டும். கட்டுரைகளின் நகலை இணைக்க வேண்டும். அந்த இடத்துத் தலைமைச் செவிலியர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் கல்லூரி வாங்காது. இந்த முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். செத்தாலும் செவிலியர் ஆக முடியாது.

அவள் எடுத்துக்கொண்ட வழக்கம், தேய்த்துவிடுவது. படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்தால், படுக்கைப் புண் வராமலிருக்க ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். இது தலைமைச் செவிலியரான பெரிய சிஸ்டரின் சட்டம். இருபது வருஷச் சட்டம்.

அதை எடுத்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் ஒன்றும் இல்லை. ஏழாம் கட்டிலில் கிடந்த பழைய லாரி டிரைவருக்கு அவள் ஒருநாள் தேய்க்காமல் விட்டதற்காக, பெரிய சிஸ்டர் எல்லார் எதிரிலும் "சோம்பேறி" என்று கத்தியிருந்தாள். அந்தக் கோபம் முறைப்பக்காவுக்கு ஆறவே இல்லை.

கல்லூரி நூலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து, வார்டில் சொல்லும் வார்த்தையையே ஆங்கிலத்தில் தட்டினாள். டயர் தேய்வது பற்றி ஒரு கட்டுரை வந்தது. குதிரையின் முதுகு பற்றி இரண்டு வந்தன.

"நீங்க வார்டுல கூப்பிடுற பேர்ல தேடினா இப்படித்தான் வரும்," என்றார் நூலகர். சலித்துப்போன மனுஷர். "அவங்க என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. 'அழுத்தப் புண்', 'மசாஜ்', 'தடுப்பு'. மூணையும் சேர்த்துப் போடுங்க."

போட்டாள். நாலாயிரத்துச் சொச்சம் வந்தது.

"இவ்வளவையும் எவன் படிப்பான்?"

"யாரும் படிக்கச் சொல்லல மேடம். பழசைத் தள்ளுங்க, பத்து வருஷத்துக்குள்ள இருக்கறத மட்டும் வைங்க. திறக்கறதுக்குக் காசு கேட்டா கட்டிடாதீங்க, எங்கிட்ட வாங்க. அப்புறம், தயவுசெஞ்சு அந்த மவுஸைத் தட்டாதீங்க. அது ஒண்ணும் பண்ணல."

ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் பக்கத்தில் பத்து வரியில் சாரம் போட்டிருந்தது. சாரத்தின் கடைசி வரியில் முடிவு இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். 'தேய்ப்பது நல்லதல்ல' என்று எங்கே தெரிந்ததோ அங்கே மஞ்சள் பேனாவால் கோடு போட்டாள். இரண்டே மதியத்தில் ஐந்து கட்டுரையும் சிக்கிவிட்டன. 'தேய்ப்பதால் புண் வருகிறது என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டன' என்று கொட்டை எழுத்தில் முடித்து, திங்கட்கிழமை பெரிய சிஸ்டரின் மேஜைமேல் வைத்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை காலை கூப்பிட்டு அனுப்பினாள் பெரிய சிஸ்டர். மேஜைமேல் ஐந்து கட்டுரையும் கிடந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை.

"உட்காராத. நின்னுக்கிட்டே கேளு. இதெல்லாம் நீ படிச்சியா?"

"படிச்சேன் சிஸ்டர்."

"முதல் பக்கத்துல மட்டும் மஞ்சக் கோடு. மிச்சப் பக்கத்தை நீ புரட்டினதுக்கு ஒரு அடையாளமும் இல்ல. இதுக்குப் பேரு படிப்பா?" ஒரு கட்டுரையைத் தூக்கிப் போட்டாள். "இதுல எத்தனை பேரு முதுகைப் பார்த்து எழுதியிருக்கான் தெரியுமா? இருபத்திரெண்டு பேரு. எனக்கு இந்த மாடியில மட்டும் முப்பது பேரு கிடக்கறாங்க. 'எங்க ஆய்வு சின்னது, இதை வெச்சு முடிவு கட்டாதீங்க'ன்னு ஆறாம் பக்கத்துல அவனே எழுதியிருக்கான். நீ நிரூபிச்சாச்சுன்னு எழுதற!"

முறைப்பக்கா ஆறாம் பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"இந்த அஞ்சாவது இருக்கே, இது குறைப்பிரசவக் குழந்தைங்களோட தோலைப் பத்தி. ஏம்மா, நம்ம இல்லத்துல குறைப்பிரசவக் குழந்தை எந்தக் கட்டில்ல படுத்திருக்கு? டிரைவரா?"

கதவருகே நின்ற இரண்டு உதவியாளர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் மாடி முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது.

"கையெழுத்து கிடையாது. நீ என்னை மாட்டிவிடத்தானே எழுதின? உன்னை மாட்டிவிடத்தான் நானும் படிச்சேன். போ."

முறைப்பக்கா கரித்துக்கொட்டிக்கொண்டேதான் நூலகத்துக்குப் போனாள். கோபம் பாதி அந்தப் பொம்பளை மேல், பாதி தன் மேல். ஒரு நோயாளியின் முதுகைத் திருப்பிப் பார்க்காமல் 'நன்றாக இருக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதும் உதவியாளரை அவளே எத்தனை தடவை கிழித்திருப்பாள்! அதே வேலையைத்தான் அவளும் செய்திருந்தாள்.

குழந்தைக் கட்டுரையைக் கிழித்துப் போட்டாள். "இன்னொண்ணு வேணும்," என்றாள் நூலகரிடம்.

"முதல்லேர்ந்து தேடாதீங்க. கையில இருக்கற கட்டுரையோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. அவன் யார் யார் எழுதினதைப் படிச்சான்னு பட்டியல் இருக்கும். அதைப் பிடிச்சுப் பின்னாடி போங்க."

போனாள். கிடைத்தது. விடுப்புப் போட்டுவிட்டு, வியாழக்கிழமை முழுக்க அகராதியை வைத்துக்கொண்டு ஐந்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். யாரைப் பார்த்தான், எத்தனை பேர், எத்தனை நாள், எப்படித் தேய்த்தான், யாரைத் தேய்க்காமல் விட்டான். ஒருவன் முப்பது நாள் பார்த்திருந்தான், ஒருவன் பத்தே நாள். தலை வலித்தது. எல்லாமே சின்ன ஆய்வு, எல்லாமே அரைகுறை. அது பெரிய சிஸ்டர் சொன்னதுதான். ஆனால் ஐந்தில் ஒன்றுகூடத் தேய்த்ததால் புண் தடுக்கப்பட்டது என்று சொல்லவில்லை. இதைப் பெரிய சிஸ்டரும் பார்த்திருப்பாள். அவ்வளவு சிவப்பு மைக்கு நடுவே இதைப் பற்றி மட்டும் ஒரு சொட்டு மை இல்லை.

கடைசிப் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'தேய்ப்பதால் புண் வருகிறது என்று நிரூபணம் இல்லை. தேய்ப்பது புண்ணைத் தடுக்கும் என்பதற்கும் நிரூபணம் இல்லை. சிவந்த தோலின் அடியில் ஏற்கெனவே காயம் இருக்கலாம் என்று நாலு கட்டுரைகள் எச்சரிக்கின்றன. பலன் தெரியாத, கெடுதல் செய்யக்கூடிய ஒரு வேலையை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கலாம்.'

வெள்ளிக்கிழமை காலை அதைக் கொண்டுபோய் நீட்டினாள். பெரிய சிஸ்டர் கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தாள். கட்டுரைகளைப் புரட்டினாள். இந்த முறை எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் கோடு, ஓரத்தில் பென்சிலில் எண்கள். சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் தேடினாள். போடுவதற்கு இடம் கிடைக்கவில்லை.

"இருபது வருஷமா நான் தேய்ச்சுத்தான் இங்க புண்ணு கம்மி."

"யாராவது எண்ணி வெச்சிருக்காங்களா சிஸ்டர்?"

"வாய், வாய்! நான் எண்ணல. எனக்குத் தெரியும்."

"கட்டுரையில அப்படி எழுத முடியாது சிஸ்டர்."

எள்ளும் கொள்ளும் வெடித்தது பெரிய சிஸ்டரின் முகத்தில். ஆனால் படிவத்தில் கேட்டிருந்தது 'படித்துப் பார்த்தேன்' என்பதற்கான கையெழுத்து மட்டுமே. அவள் படித்திருந்தாள்; அந்த மாடியில் அவ்வளவு ஊன்றிப் படித்தவள் வேறு யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'எனக்குச் சம்மதம் இல்லை' என்றும் எழுதித் தள்ளிவிட்டாள்.

"பாஸானா இந்த மாடியில இருக்காத. கீழ்த் தளத்துக்குப் போயிடு."

"டிரைவரை யாரு புரட்டுவா? இங்கதான் இருப்பேன்."

தேறுவதற்கு ஐம்பது மார்க் வேண்டும்; ஐம்பத்து மூன்று வாங்கித் தேறினாள். வெள்ளைச் சீருடை வந்தது. அவள் பணிக்கு வந்த முதல் நாள், தள்ளுவண்டியில் ஸ்பிரிட் பாட்டில் இல்லை. பெரிய சிஸ்டர் அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு வேலை தவிர ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

எதிர்த்தது டிரைவர் ஒருவர்தான்.

"ஏ முறைப்பு! யாரும் இப்ப தேய்ச்சுவிட மாட்டேங்கறாங்க. நாளுக்கு ரெண்டு வேளை அதுதான் எனக்குச் சொகமா இருந்தது. நீதான் ஏதோ எழுதிக் கெடுத்தியாமே?"

"ஆமா."

"உன் படிப்புல இடி விழ."

"விழட்டும். இடது பக்கம் திரும்புங்க."

"முடியாது."

"சரி," என்று அவர் தோளிலும் இடுப்பிலும் கையைக் கொடுத்து, முறைத்துக்கொண்டே புரட்டிப்போட்டாள்.