ரதிதேவியின் புதன்கிழமை வகுப்பு

ஓக்லாந்தின் ஒடாஹுஹுவில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற தொழிற்சாலை ஒன்றில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும் ரதிதேவி, அதற்கு முன் பதினொரு வருடம் ஆசிரியை. நாலு வருடம் யாழ்ப்பாணத்தில், ஏழு வருடம் தான்சானியாவின் மொரோகோரோவில். கணவர் செல்வரத்தினத்துக்கு அங்கே நில அளவை வேலை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் போக, இருவரும் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவருக்கு எல்லர்ஸ்லியில் ஒரு கந்தோரில் வரைபடம் கீறும் வேலை கிடைத்தது. அவளுக்கோ எந்தக் கல்லூரிக்கு எழுதினாலும் ஒரே பதில்தான்: உள்ளூரில் கற்பித்த அனுபவம் இல்லை. வந்த கடிதங்களை மடித்துச் சப்பாத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த கல்லூரிக்கு எழுதுவாள். பெட்டி நிரம்பியதும் இன்னொரு பெட்டி எடுத்தாள்.

எண்பத்தாறாம் ஆண்டு அவளைத் தேடி மார்கரெட் வந்தாள். மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண். தேவாலயத் தொண்டர் குழு ஒன்றை நடத்துபவள். தான்சானியாவுக்குப் போகவிருந்த எட்டுப் பேருக்குச் சுவாஹிலி கற்பிக்க ஆள் வேண்டும் என்றாள். பன்னிரண்டு புதன்கிழமை நடத்தி முடித்தால், இங்கே கற்பித்ததாகக் கடிதம் தருவாள். ஆனால் ஆறு பேருக்குக் குறைந்தால் குழு வகுப்பை மூடிவிடும். ரதிதேவி அன்றே சம்மதித்தாள்.

முதல் வகுப்பில் அவள் எடுத்துக்கொண்டது சுவாஹிலியின் முதுகெலும்பை. அவன் வந்தான், அவள் வந்தாள் என்று தமிழில் வினைச்சொல் வாலில் ஆளைக் காட்டும். சுவாஹிலியில் தலையில் காட்டும். அது ஆண் பெண் பார்ப்பதில்லை. ஆட்களுக்கு ஒரு கூட்டம், மரங்களுக்கு ஒரு கூட்டம், நாற்காலி, கத்தி போன்ற சாமான்களுக்கு ஒரு கூட்டம் என்று பெயர்களைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முன்னொட்டு வைத்திருக்கிறது. பெரிய நாற்காலி உடைந்தது என்று சொல்ல வேண்டுமானால் ‘பெரிய’வின் தலையிலும் ‘உடைந்தது’வின் தலையிலும் நாற்காலியின் அடையாளம் ஏற வேண்டும். அத்தனை கூட்டங்களையும் அவள் பலகை நிறையக் கட்டம் கட்டி எழுதினாள். விளங்கியதா என்று கேட்டாள். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அருமையான வகுப்பு என்றார்கள். நன்றி சொல்லி, தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து, ஒரு சந்தேகம்கூட யாருக்கும் வரவில்லை என்று செல்வரத்தினத்திடம் பெருமையாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த வகுப்பறைகளில் விளங்காத பிள்ளை தலையைக் குனியும். பாராட்டி, கோப்பை கழுவிவிட்டுப் போகாது.

அடுத்த புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள்.

“அவங்களுக்கு ஒண்ணுமே புரியலக்கா,” என்றாள் மார்கரெட், கதிரைகளை அடுக்கிக்கொண்டே. “முகத்துக்கு நேரா சொல்லமாட்டாங்க. உங்க மனசு நோகுமேன்னு நன்றி சொல்லிட்டுப் போயிடுவாங்க. வர்ற வாரம் ஆறு பேர் இல்லன்னா நான் மூடித்தான் ஆகணும்.”

ரதிதேவிக்குக் காது சுட்டது. பலகையைத் துடைத்தாள். வராத ஐந்து பேரின் தொலைபேசி எண்களையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருவர் சளி என்றார், ஒருவர் பிள்ளைகள் என்றார். கெவின் என்ற மின்வேலைக்காரன்தான், அவள் மூன்று தரம் கேட்ட பிறகு, அரை மணி நேரத்திலேயே தான் பாடத்தில் தொலைந்துபோனதாகவும் கேட்க வெட்கமாக இருந்ததாகவும் ஒப்புக்கொண்டான்.

“பிழை என்னுடையது,” என்றாள் அவள் ஆங்கிலத்தில். “இன்னும் ஒரு புதன்கிழமை வா. முடிவில் உன்னால் ஒரு வசனம் சொல்ல முடியாவிட்டால் வகுப்பை நானே மூடுகிறேன்.”

பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த செல்வரத்தினம் நிமிர்ந்தார். “நீர் படிப்பிக்கப் போறீரோ, எலெக்‌ஷன் கேட்கப் போறீரோ?”

“ஆறு வோட்டுக் காணும் எனக்கு, கூட வேண்டாம்,” என்றாள்.

வழி வேலைத்தலத்திலேயே கிடந்தது. ஒவ்வொரு வார்டின் துணிக்கும் ஒரு நிற நாடா. சிவப்பு வார்டென்றால் விரிப்பு, தலையணை உறை, அங்கி எல்லாவற்றிலும் சிவப்பு. கட்டுக்குள் ஒரு நீலம் நுழைந்தால் கட்டு முழுவதும் திரும்பி வரும். நாள்முழுக்க அதைத்தானே பிரித்துக் கட்டுகிறேன் என்று வெள்ளிக்கிழமை அவளுக்கு உறைத்தது. மேற்பார்வையாளரிடம் கேட்டு, கழித்த நாடாக்களில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஐந்து பேர் இருந்தார்கள். மார்கரெட் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து, வேலைச் சப்பாத்தோடு, மன்னிப்புக் கேட்டபடி கெவின் வந்தான்.

ரதிதேவி பலகைப் பக்கமே போகவில்லை. கதிரை ஒன்றை நடுவில் வைத்துச் சிவப்பு நாடா கட்டினாள். வந்தவர்களில் ஒரு தாதியை ‘பெரிய’ என்று நிறுத்தினாள், கெவினை ‘உடைந்தது’ என்று நிறுத்தினாள். இருவரும் பையிலிருந்து கதிரையின் நிறத்தை எடுத்துக் கட்டிய பிறகுதான் வாய் திறக்கலாம். கிட்டி, கிகுப்வா, கிமெவுஞ்சிகா. இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து வைத்து, பலவாக்கி, மூன்று நாடாவையும் பச்சைக்கு மாற்றினாள். விட்டி, விகுப்வா, விமெவுஞ்சிகா. கெவின் மட்டும் சிவப்போடு நின்றான். கட்டு திரும்பி வரும், கட்டு திரும்பி வரும் என்று மற்றவர்கள் அவனைச் சீண்டினார்கள். துணிக்கட்டின் கதையை அவள் சொல்லியிருந்தாள்.

விளங்கியதா என்று அன்று அவள் ஒருதரமும் கேட்கவில்லை. யாரும் அருமை என்று சொல்லவும் இல்லை. முகத்தைச் சுளித்து, தப்பி, நாடாவை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிகிற நேரம் கெவின் கதிரைகளைத் தூக்கி வைத்தபடி, இரண்டும் உடைந்துவிட்டன என்று சுவாஹிலியில் தானாகவே சொன்னான். பச்சை நாடா கையில்தான் இருந்தது. பிறகு கதவடியில் நின்றான்.

“மரம் விழுந்தால் என்ன நிறம்?”

மூன்று வாரத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. பைக்குள் கைவிட்டு மஞ்சளை எடுத்து அவனிடம் நீட்டினாள். “அடுத்த புதன்கிழமை நீதான் மரம்,” என்றாள்.

அவன் வந்தான். வராமல் நின்ற மற்ற இருவரும் வந்தார்கள். பன்னிரண்டு புதன்கிழமையும் நடந்தது. மார்கரெட் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்த அன்று, ரதிதேவி சாப்பாட்டு மேசையில் புதிய விண்ணப்பத்தை விரித்தாள். உள்ளூர் அனுபவம் என்ற கட்டத்தை இத்தனை நாளும் வெறுமையாக விட்டே அனுப்பியிருந்தாள். இப்போது பேனாவை அழுத்தி எழுதினாள்: பன்னிரண்டு வாரம், எட்டு மாணவர்கள்.