கோடு இல்லாத கண்ணாடி

கண்ணாடிக் கடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. பேப்பரைத் தள்ளிப் பிடிக்கக் கை நீளம் போதாமல் போன பிறகுதான் வருகிறார்கள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறேன். தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டை வைத்துக்கொண்டு, ஒன்றைத் தேடுவதற்கு இன்னொன்றை மாட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்காக ப்ரோக்ரெசிவ் என்று ஒன்று இருக்கிறது. மேலே தூரம், நடுவில் கைக்கெட்டும் தூரம், கீழே படிக்க. மூன்றுக்கும் இடையில் கோடு தெரியாது. ஆனால் இரண்டு ஓரமும் கலங்கலாகத்தான் இருக்கும், அதற்குக் கண் பழக வேண்டும். பழகியவர்களும், பழகாமல் பீரோவில் போட்டுப் பூட்டியவர்களும் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் மூக்கில் ஏறியது

நாற்பத்தைந்து வயதில் எனக்கே வெள்ளெழுத்து வந்தது. டாக்டர் சீட்டில் இருந்த ஒன்றை ஏழாகப் படித்து ஒருவருக்குத் தப்பான லென்ஸ் ஆர்டர் போட்டுவிட்டேன். அன்றைக்கே ப்ரோக்ரெசிவுக்கு அளவு கொடுத்தேன். மாட்டிக்கொண்டு எழுந்து நின்றால், கடைத் தரை குளத்துத் தண்ணீர் மாதிரி அசைகிறது. பக்கவாட்டில் பார்த்தால் கதவு நிலை வளைந்து நிற்கிறது. வீட்டில் வெண்டைக்காய் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கினேன்.

வாடிக்கையாளர் முன்னால் மட்டும் அதை மாட்டிக்கொண்டு, "பத்து நாள்தான், பழகிடும்" என்பேன். அவர் படி இறங்கியதும் உள்ளே போய்ப் பழைய கண்ணாடியை மாட்டிக்கொள்வேன். உள்ளறையில் லென்ஸ் அறுக்கிற பாஷா பாய் என்னைவிடப் பத்து வயது பெரியவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் அறுக்கிற மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஊருக்கெல்லாம் பத்து நாளுன்னு சொல்லிக்கினு இருக்கறயேமா, உனக்கு மட்டும் பத்து நாளுன்னா மூணு மாசமா?"

சின்ன பிரேம்

தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஒருவர் மகளோடு வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். போட்டோவில் அப்பா நன்றாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு விரற்கடை உயரம்கூட இல்லாத பிரேமை அவள் எடுத்து வைத்தாள். அதில் படிக்கிற பாகம் அடியோடு வெட்டுப்பட்டுப் போகும் என்று படம் போட்டே காட்டினேன். மகள் முகம் வாடியதைப் பார்த்ததும் அவர் அதையே எடுத்துக்கொண்டார். நானும் இன்னொரு தடவை சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். பேப்பரைப் படிக்கத் தலையை அண்ணாந்து, மூக்கு நுனி வழியாகப் பார்க்க வேண்டியிருந்ததாம். மனுவோடு வருகிறவர்களையும் அப்படியே பார்த்திருக்கிறார். திமிர் பிடித்தவர் என்று மேலே புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள், விசாரணை நடந்துகொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்கவே பயமாக இருக்கிறது என்றார். பெரிய பிரேமாக ஒன்றை எடுத்து வைத்தேன். அதைத் தொடாமல் சொன்னார்: "வயசான ஒருத்தரு வந்து, 'இப்படி மூஞ்சியத் தூக்கிப் பாக்கற அளவுக்கு நாங்க என்னா சார் பண்ணோம்'னு கேட்டாரும்மா. அவருக்கு நான் என்னான்னு பதில் சொல்றது?"

சண்முகத்தின் வலது கை

சண்முகம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர், ஐம்பத்துநான்கு வயது. தறியில் உட்கார்ந்தால் கையருகே பூ வேலையைப் பார்க்க வேண்டும், மறு ஓரத்தில் கரைக்கான நூல் நாடாவைத் தள்ளுகிற மனைவியையும் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டதில் காதுக்குப் பின்னால் புண்ணாகியிருந்தது. ப்ரோக்ரெசிவ் போட்டுக் கொடுத்தேன். மாட்டிவிட்டு, எல்லோருக்கும் சொல்வதுபோல, "படியில மட்டும் கீழ பாத்து எறங்குங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆறாம் நாள், நெய்து முடித்த சேலையைக் கொடுத்துவிட்டுப் பட்டு முதலாளி வீட்டு மாடியிலிருந்து இறங்கும்போது விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டாக முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். தறியில் அடுத்துத் தொடங்கியிருந்த முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. கல்யாணத் தேதி நிற்காது என்பதால் தம்பியை உட்கார வைத்து மீதியை முடித்திருக்கிறார்கள். கை மாறினால் துணியில் தெரியும். அடித்து இறுக்குகிற பலம் ஆளுக்கு ஆள் வேறு. சேலையை விரித்த முதலாளி நடுவில் விரலை வைத்து, இங்கேதான் ஆள் மாறியிருக்கிறான் என்றாராம். அந்த வீட்டுக்கு அடுத்த சேலைக்குப் பாவு நூல் வரவில்லை.

சண்முகம் கட்டோடு கடைக்கு வந்தபோது சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியின் கால் வளைந்திருந்தது, நேராக்கித் தரச் சொன்னார். நான் செய்துகொண்டே, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன். படி மங்கலாகத் தெரிந்தது, எவ்வளவு உயரம் என்று பிடிபடவில்லை என்றார். எனக்குக் கை நின்றுவிட்டது. தலையைக் குனிந்தால்தான் மேல்பாகம் வழியாகப் படி தெரியும். தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் தாழ்த்தினால், படிக்கிற பாகம் வழியாகத்தான் படியைப் பார்க்க வேண்டும். "தலையைக் குனியுங்கள்" என்று நான் சொல்லவேயில்லை. அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் இடது கையால் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு சொன்னார்: "உங்க மேல தப்பு இல்லம்மா. கீழ பாத்து எறங்குங்கன்னு சொன்னீங்க. நான் கீழதான் பாத்தேன்."

இடது பக்கம்

அதற்கப்புறம் ஒவ்வொருவரையும் கடைவாசல் படிவரை கூட்டிப் போய், தலையைக் குனியச் சொல்லி இறங்க வைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். பாடம் படித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

விஜயா ஓரிக்கையிலிருந்து வந்தவள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர், என் வயதுதான். தினமும் ஸ்கூட்டியில் போய் வருவாள். ப்ரோக்ரெசிவ் வாங்கிய இரண்டாம் வாரம் வந்து, இடது பக்கம் தெளிவாக இல்லை, ஆட்கள் திடீரென்று பக்கத்தில் முளைக்கிறார்கள் என்றாள். ஓரம் அப்படித்தான் இருக்கும், கண்ணைத் திருப்பாமல் கழுத்தைத் திருப்பிப் பார் என்றேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தாள். மூக்குப் பட்டையைச் சரிசெய்து அனுப்பினேன். அப்புறம் மைல்கல்லில் ஸ்கூட்டிக் கைப்பிடியை இடித்துக்கொண்டு வந்தபோது, அளவில்தான் ஏதோ பிசகு என்று லென்ஸையே புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் பழகிடும் என்றேன். அவளும், கண்ணாடி விஷயம் தெரிந்தவள் சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். இப்படி இரண்டரை மாதம் போனது.

நான்காவது தடவை வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாஷா பாய் அவளுக்கு இடது பக்கத்தில் டீயை வைத்து, "டீ வச்சிருக்கேம்மா" என்றார். அவள் கையை வீசி எதையோ சொல்ல வந்தாள், டம்ளர் பறந்தது. டீ எங்கே இருந்தது என்று கேட்டாள். கண்ணாடி என் கையில் இருந்தது. அவள் முகத்தில் குறை சொல்ல லென்ஸே இல்லை.

வலது கண்ணை மூடச் சொல்லி, என் விரலை ஓரத்திலிருந்து மெதுவாக நகர்த்தினேன். அவள் மூக்குக்கு நேராக வரும்வரை விரல் தெரியவில்லை. அப்போதே ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போகிற நோய். இடது கண்ணில் நடுவில் ஒரு ஓட்டை அளவுதான் மிச்சம், வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். இது வருஷக் கணக்காக நடந்தது, உங்கள் இரண்டரை மாதத்தால் வந்ததில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதில் எவ்வளவு அந்த இரண்டரை மாதத்தில் போனது என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் அழுதது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஸ்கூட்டியை விற்றுவிட வேண்டும், கூடத்தில் கொதிக்கிற அண்டா பக்கம் குழந்தைகள் வந்தால் எப்படிப் பார்ப்பது என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தாள். முன்னாடியே தெரியவில்லையா என்று கேட்டேன். கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அவள் கழுத்தை முழுசாகத் திருப்பி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, என்னைப் பார்த்தாள். "பழகிடும் பழகிடும்னீங்க. பழகிடிச்சிம்மா. அதனாலதான் தெரியல."

பிரேமுக்கு ஒரு வருஷம் கேரண்டி உண்டு, லென்ஸுக்கு ஆறு மாதம் உண்டு. அதை விற்கிறவள் பேச்சுக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் இதுவரை கேரண்டி கார்டு அச்சடித்ததில்லை.