பத்து நிமிடம் முந்திப் போன புகார்

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் ஒரு பெண்மணி எனக்காகக் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். மடியில் நீளமான நோட்டு ஒன்று. அதன் மேல் இந்தப் பத்திரிகை… இந்தப் பத்தி வெளியே தெரிகிற மாதிரி மடித்து வைத்திருந்தார்.

வாசகி. நேரில் தேடி வந்திருக்கிறார். யாருக்குத்தான் இந்த ஆசை இருக்காது? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன்.

"ஏனுங்க, இத எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க," என்றேன். கை தானாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

"இதுல நீங்க திருடன்னு எழுதியிருக்கறது என்னையத்தானுங்க."

பேனாவைத் தேடிய கை அங்கேயே நின்றுவிட்டது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு விஷயம் நினைவிருக்கும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பிழைப்புக்கு ஒரு பம்ப் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதுகிறவன். இப்போது கடிதம் என்றால் இ-மெயில். அதற்காக ஒரு சர்வர் வாங்கி ஏசி அறையில் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஃபேன், அதற்கு ஏசி. அதைப் பார்த்துக்கொள்கிறவர் சண்முகசுந்தரம். கோபிசெட்டிபாளையத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"யாரோ நம்ம சர்வருக்குள்ள பூந்து போடலாம்னு பாக்கறாங்கங்க. நாலு நிமிஷமா பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சிருக்காங்க. பூந்துட்டா நம்ம ஆர்டர், கொட்டேஷன் அத்தனையும் போயிருங்க."

சர்வர் நல்ல வாட்ச்மேன். கதவைத் தட்டியது யார், எத்தனை மணிக்குத் தட்டினார் என்று தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும். லாக் என்று பெயர். அந்தத் தாளில் தட்டியவரின் முகவரி இருந்தது — இடையிடையே புள்ளி வைத்த நான்கு எண்கள். பக்கத்தில் நேரம், காலை 11.20. அந்த எண் உலகத்தில் எந்தக் கம்பெனிக்குச் சொந்தம் என்று தேடிப் பார்க்கவும் வழி இருக்கிறதாம். சண்முகசுந்தரம் தேடினார். அமெரிக்காவா, ரஷ்யாவா என்று நான் ஆவலோடு எட்டிப் பார்த்தால்… நம் கோயமுத்தூரிலேயே இன்டர்நெட் கனெக்ஷன் கொடுக்கிற ஒரு கம்பெனி.

புகார்க் கடிதத்தை நான்தான் எழுதினேன். காரசாரமான இங்கிலீஷ். முகவரி, தேதி, நேரம் மூன்றையும் சொல்லி, உடனடி நடவடிக்கை இல்லையென்றால் போலீஸ் என்று முடித்திருந்தேன். இரண்டே நாளில் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "கண்டுபிடிச்சுட்டமுங்க. காந்திபுரத்துல ஒரு மாடியில பிரவுசிங் சென்டர் நடத்தறாங்க. கனெக்ஷன கட் பண்ணிப்போட்டோமுங்க."

எனக்கு அந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது. வாரா வாரம் எழுதுகிறவனுக்கு விஷயம் கிடைப்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம் தெரியுமா? திருடனை வாசல் வரைக்கும் துரத்திப் பிடித்த கதையை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பெயர் போடவில்லை. 'காந்திபுரத்தில் ஒரு மாடி பிரவுசிங் சென்டர்' என்று மட்டும் எழுதினேன். நாகரிகமாக நடந்துகொண்டதாக அன்றைக்கு ஒரு நினைப்பு.

"பேரு போடலீங்கதான்," என்றார் அந்தப் பெண்மணி. "ஆனா காந்திபுரத்துல மாடி மேல இருக்கற சென்டரு என்னோடது ஒண்ணுதானுங்க."

பெயர் எஸ்தர். அப்பாவும் அம்மாவும் தாராபுரம் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, பல வருடம் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தமாக இரண்டு கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னார்.

கனெக்ஷன் போய் மூன்று வாரம். வருகிறவர்கள் கதவுவரை வந்து திரும்பிப் போகிறார்கள். அது போதாதென்று, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இந்தப் பத்தியின் வாசகராக இருந்து தொலைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கெல்லாம் எடம் குடுத்தது என்ற தப்புன்னு சொல்லிப்போட்டாருங்க," என்றார் எஸ்தர்.

அந்த 'உங்களுக்கெல்லாம்' என்பதில் என்னென்ன அடங்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மனதுக்குள் ஒரு சின்ன சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இவர் செய்யாமல் இருக்கலாம். வந்துபோகிற கஸ்டமர் எவனாவது செய்திருக்கலாம் அல்லவா? அதைக் கேட்டும்விட்டேன். எஸ்தர் நோட்டைத் திறந்தார். வந்தவர் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் என்று வரிசையாகக் கோடு போட்டு எழுதியிருந்தது.

"அன்னைக்கு ஒரு கம்ப்யூட்டரு ரிப்பேருங்க. இன்னொண்ணுல பதினொண்ணே காலுக்குப் பொள்ளாச்சி தேங்கா வியாபாரி ஒருத்தரு வந்து உக்காந்தாரு. அவருக்குக் கம்ப்யூட்டரு தெரியாது. அவரு சொல்லச் சொல்ல நாந்தான் டைப் அடிச்சேன். பதினொண்ணு நாப்பதுக்கு முடிச்சோமுங்க. அப்ப உங்க சர்வரத் தட்டுனது நானுங்களா, அந்தத் தேங்கா வியாபாரிங்களா?"

நான் சண்முகசுந்தரத்தைக் கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய? அவர் அந்தத் தாளோடு வந்தார்.

"லாக்கு பொய் சொல்லாதுங்க," என்றார் அடக்கமாக.

"என்ற நோட்டும் பொய் சொல்லாதுங்க," என்றார் எஸ்தர், அதைவிட அடக்கமாக.

எஸ்தர் எங்கள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தக் கடிகாரம் சரியா ஓடுதுங்களா?"

"அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்ங்க," என்றேன் சாதாரணமாக. "எங்க எம்.டி. உத்தரவு."

"காலையில எட்டு மணிக்கே வந்துட்டேனுங்க. கேட்டுக்கு வெளிய ஏழெட்டுப் பேரு வாட்ச்மேன்கிட்ட வாட்ச காட்டிப் பேசிட்டு நின்னாங்க. எதுக்குன்னு அப்பப் புரியல," என்றவர், சண்முகசுந்தரத்தின் பக்கம் திரும்பினார். "நான் நிமிஷக் கணக்குல தொழில் பண்றேனுங்க. தெனமும் ரேடியோ நியூஸ் கேட்டு டைம் வெக்கறேன். உங்க சர்வருக்கு எதப் பாத்துங்க வெச்சீங்க?"

சண்முகசுந்தரம் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கடைசியாகத் தரையைப் பார்த்தார்.

"இதப் பாத்துத்தானுங்க."

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நேரம் குழம்பிவிடும் என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்காக எங்கள் கம்பெனியில் இரண்டு மீட்டிங்கூடப் போட்டாயிற்று. சர்வருக்கு இன்றைக்கு மணி என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பத்து நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? போன் போட்டு இன்டர்நெட்டுக்குள் போகிறவர்களுக்கு அந்த நான்கு எண் முகவரி சொந்த வீடல்ல… லாட்ஜ் ரூம். ஒருவர் காலி செய்ததும் அதே சாவி அடுத்தவர் கைக்குப் போகும். பதினாலாம் நம்பர் ரூமில் இருந்தவன் திருடன் என்று புகார் கொடுத்தால் போதாது. எத்தனை மணிக்கு இருந்தவன் என்று சரியாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அப்போதுதான் பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருக்கிற அப்பாவியைப் பிடித்துப் போவார்கள். உண்மையில் கதவு தட்டப்பட்டது 11.10-க்கு. நான்கு நிமிடம் தட்டிவிட்டு அந்த ஆள் போன் லைனை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அந்த முகவரி எஸ்தருக்குக் கிடைத்திருக்கிறது. 11.20-க்கு யார் என்று நாங்கள் கேட்டோம். எஸ்தர் என்று அவர்கள் சொன்னார்கள்.

தப்பு தெரிந்துவிட்டது. ஒரு கடிதம் எழுதினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் கம்பெனி லெட்டர்பேடில் எம்.டி. கையெழுத்து வேண்டும். மூன்று பேரும் அவர் அறைக்குப் போனோம்.

எம்.டி. மரியாதை தெரிந்தவர். "உக்காருங்க அம்மணி, காபி சாப்புடுங்க," என்று சொல்லிவிட்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு நடந்தது தப்புதானுங்க. இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா எங்க கடிகாரம் தப்புன்னு மட்டும் எழுதித் தர்றதுக்கு இல்லீங்க."

காரணம் எனக்குத் தெரியும். காலையில் கேட் மூடுவது அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. சரியாக எட்டு மணிக்கு வருகிற தொழிலாளி லேட். அரை நாள் லீவு. சாயங்காலம் மணி அடிப்பதோ எம்.டி.யின் கைக்கடிகாரத்தைப் பார்த்து. அது துல்லியமாக ஓடும். ஆக, பத்து நிமிடம் முன்னால் வர வேண்டும், ஆனால் முன்னால் போக முடியாது. நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். தெரிந்து என்ன செய்தேன்? என் வாட்சையும் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டேன். (எம்.டி. தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.)

எஸ்தர் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

"சரிங்க. உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாமுங்க. நாளைக்குக் காலையில வாரேன். கேட்டுக்கு வெளிய நிக்கறவங்ககிட்டயே கடிகாரம் எப்பிடி ஓடுதுன்னு எழுதி வாங்கிக்கறேனுங்க."

குரல் உயரவில்லை. ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. எங்கள் ஊர் மரியாதைக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எம்.டி. லெட்டர்பேடை எடுத்து என் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம், "சர்வரோட டைம் தப்புன்னு எழுதுங்க. சர்வர்னு மட்டும் எழுதுங்க," என்றார்.

எழுதினேன். இந்தத் தடவை இங்கிலீஷில் காரம் இல்லை. சண்முகசுந்தரம் சர்வரின் நேரத்தை அன்றைக்கே திருத்திவிட்டார். சுவர்க் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

கையோடு, சரியான நேரத்தைப் போட்டுப் புகாரையும் இன்டர்நெட் கம்பெனிக்கு மறுபடி அனுப்பினோம். அப்படியானால் உண்மையில் தட்டியவர் யார்? மறுநாள் அந்தக் கம்பெனியிலிருந்து முன்பு பேசிய அதே ஆள் போன் செய்தார்.

"அது கொஞ்சம் பெரிய எடமுங்க. சட்டுனு கட் பண்ண முடியாதுங்க. அவங்ககிட்ட, உங்க கனெக்ஷன யாராச்சும் தெரியாம உபயோகப்படுத்தியிருப்பாங்களான்னு கேட்டிருக்கோம். பேரு கேக்காதீங்க, அது நாகரிகம் இல்லீங்க."

எஸ்தர் விஷயத்தில் காந்திபுரம், மாடி என்று சொன்ன அதே குரல்தான். 'யாராச்சும் தெரியாம உபயோகப்படுத்தியிருப்பாங்களா' என்று கனெக்ஷனை வெட்டும் முன் எஸ்தரிடம் ஒருவராவது கேட்டோமா? அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காந்திபுரத்துக்கு என் ஆபீஸிலிருந்து ஒரே பஸ். முகவரி கிடைத்ததும் ஆள் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்தப் பஸ்ஸில் ஏறாமல் இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்டர்நெட் வந்த பிறகு ஒருவரின் வாசலைக் கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது. வாசலுக்குப் போய் 'என்ன நடந்ததுங்க' என்று கேட்பது மட்டும் இன்னும் பழையபடி நாமே செய்ய வேண்டிய வேலையாக இருக்கிறது.

வியாழக்கிழமை எஸ்தருக்குப் போன் செய்தேன். நன்றி சொல்வார் என்று ஓர் எதிர்பார்ப்பு… மறைப்பானேன்?

"கனெக்ஷன் வந்துருச்சுங்க," என்றார். "ஆனா கட்டடக்காரரு நீங்க குடுத்த லெட்டரப் பாக்க மாட்டேங்கறாரு. பத்திரிகையில வந்ததுக்குப் பத்திரிகையிலயே பதில் வரட்டும்ங்கறாருங்க."

"ஒரு சின்ன அறிவிப்புப் போட்டுடலாமுங்க," என்றேன்.

"ஓரத்துல பொடி எழுத்துல வேண்டாமுங்க. மொதல்ல எழுதுன அதே எடத்துல, அதே அளவுக்கு எழுதுங்க. இந்தத் தடவ என்ற பேரையும் போடுங்க."

சரி என்றேன். சட்டென்று இரண்டு வரி எழுதிப் போனிலேயே வாசித்துக் காட்டினேன். 'முன்பு இப்பத்தியில் வெளியான தகவலால் சம்பந்தப்பட்டவருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்.' பத்திரிகைகளில் வழக்கமாக வருகிற வாசகம்தான்.

"வருத்தம் எனக்குங்க," என்றார் எஸ்தர். "உங்களுது தப்புங்க. அதைய எழுதிப்போடுங்க."

எழுதிவிட்டேன். காந்திபுரத்தில் மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிற எஸ்தர் எங்கள் சர்வரைத் தொடவே இல்லை. விசாரிக்காமல் அவரைத் திருடர் என்று எழுதியது என் தப்பு.

கட்டடக்காரர் அய்யா… படிச்சாச்சுங்களா?