கதவுக்கு அந்தப் பக்கம் என் குரல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் அனுபவித்ததைத்தான் சொல்கிறேன். தொண்ணூற்றாறு, கார்த்திகை மாதம். நாகலூர் எஸ்டேட் வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

எங்கள் நாய் சுருளிக்கு இலை அசைந்தாலும் ஆகாது. வாசலுக்கு யார் வந்தாலும் பாயும். பக்கத்து வீட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சிங்கராயர். ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க வேலம்மா, இனி அந்த நாய் சத்தம் கேட்டுச்சுன்னா சோத்துல மருந்து வெச்சிருவேன்."

சொன்னால் செய்கிற ஆள்.

ஏற்காடு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"நீங்க கத்துனா, நீங்களும் சேந்து குரைக்கறதா அது நெனைச்சுக்குமுங்க," என்றார் டாக்டரம்மா. "அடிக்காதீங்க. அதுக்கும் கதவுக்கும் நடுவுல போய் நில்லுங்க. 'போதும் சாமி'ன்னு மெதுவாச் சொல்லுங்க. ஊட்டை நீங்க பாத்துக்குவீங்கன்னு அதுக்குத் தெரியோணும்."

அப்படியே செய்தேன். அடங்கினால் ஒரு துண்டு கருவாடு. போகப் போக, நான் எழுந்து முன்னால் நின்றாலே சுருளி படுத்துக்கொள்ளும்.

அன்று பிற்பகல் மூன்று மணி. என் வீட்டுக்காரர் ஜீப்பில் சேலம் போயிருந்தார். பனி இறங்கி, ஜன்னலோரக் காப்பிச் செடிகூடத் தெரியவில்லை.

சுருளி கதவைப் பார்த்துக் குரைத்தது.

முன்னால் போய் நின்றேன். "போதும் சாமி."

படுத்துக்கொண்டது.

டக்... டக்... நகத்தால் தட்டுவதுபோல.

"யாருங்க?"

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து...

"போதும் சாமி."

என் குரல்.

சுருளி எழுந்து வாலை ஆட்டியது.

"வா சாமி."

கதவை நோக்கிப் போன நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். திரும்பியது. பல்லைக் காட்டி உறுமியது. என்னைப் பார்த்து. யாரோ திருடியைப் பார்ப்பதுபோல.

கத்த வாயெடுத்தேன். கத்தினால் அதை இழந்துவிடுவேன் என்று தோன்றியது. பட்டையை விட்டேன். கதவில் முதுகு சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். அதன் கண்ணைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினேன்.

முதுகுக்குப் பின்னால் கதவு அதிர்ந்தது.

"வா."

"வா."

"வா..."

இப்போது அந்தக் குரல் கொஞ்சவில்லை. அதட்டியது.

சுருளி என் கையை முகர்ந்தது. நக்கியது. மடியில் முகம் புதைத்து நடுங்கியது.

தாழ்ப்பாள் ஆடியது...

நின்றது.

மறுநாள் காலை சிங்கராயர் வாசலில் நின்றார். சுருளியை எனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"நேத்து மூணரை மணிக்குப் பனிக்குள்ள எங்கீங்க போனீங்க? கூப்பிட்டேன், திரும்பவே இல்லீங்களே."

"நான் ஊட்டை விட்டே வெளிய வரலீங்க."

"உங்களைத்தானுங்க பாத்தேன். நாய் ஒண்ணு சத்தமில்லாம உங்க பின்னாலயே போச்சு."

"சுருளியுங்களா?"

இல்லையென்று தலையசைத்தார்.

"போன வருசம் காணாமப் போன எங்க ஊட்டு நாயுங்க."