உச்சி வெயிலில் நாரைக் கூடு

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை தறியேறிய புதுப் புடவைக் கரை, திங்கட்கிழமை அடுத்த தெருத் தறியில் ஓடும். எழுபதுகளின் தொடக்கம் அது. பட்டுப் புடவைக்குக் கட்டத்தாளில் டிசைன் போடுவது என் வேலை. அந்த வருஷம் என் டிசைன்கள் இரண்டு களவு போயின. மூன்றாவதும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் நம்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன். கிறுக்கிய தாளை அடுப்பில் போட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனைவி கேலி செய்தாள். அவள் தம்பி அடுத்த தெருவில்தான் நெய்தான் என்பதால் அவளிடமும் வாயைத் திறக்கவில்லை.

கோயில் தூணில் இருக்கும் அன்னத்தையும் மயிலையும் எல்லோரும் போட்டுத் தீர்த்துவிட்டார்கள். எவனும் பார்க்காத ஒன்று எனக்கு வேண்டும். மாகறல் பக்கம் ஓர் ஏரியின் நடுத்திட்டில் நாரைகள் குஞ்சு பொரித்திருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் கேமரா இரவல் வாங்கினேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பங்குனி மாதம்.

ஏரிக்கரையில் கால் வைத்ததுமே ஒருவன் வந்து நின்றான். என் வயதுதான் இருக்கும். மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கம்புகட்டி என்றான். காஞ்சிபுரத்தில் எந்தத் தெரு, யாரிடம் வேலை, படம் எதற்கு என்று வரிசையாகக் கேட்டான். தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு என் முதலாளி யாரென்று தெரிந்து என்ன ஆகவேண்டும்? பொய் சொன்னேன். நான் நடந்தால் பத்தடி பின்னால் அவனும் நடந்தான். நான் உட்கார்ந்தால் அவனும் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். அடுத்த தெருக்காரன் கை இவ்வளவு தூரம் நீளுமா என்று நினைத்துக்கொண்டேன்.

“படம் புடிச்சுக்கோப்பா, வேணாங்கல. வெயில் தாழட்டும், நானே இட்டுக்கினு போறேன். மத்தியானத்துல மட்டும் திட்டுக்குப் போவாத” என்றான்.

ஏன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூடவே வந்து நான் எதைப் பிடிக்கிறேன் என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவு கட்டிவிட்டேன். அவன் சாப்பிட வீட்டுக்குப் போனதும், கேமராவைத் தலைமேல் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன்.

கருவேல மரத்தில் நான் ஏறியதும் சுற்றியிருந்த நாரைகள் எல்லாம் எழும்பிவிட்டன. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூடு, அதில் மூன்று குஞ்சுகள். உடம்பில் இறகுகூடச் சரியாக முளைக்கவில்லை. அலகைப் பிளந்துகொண்டு, தொண்டை துடிக்கத் துடிக்க என்னைப் பார்த்தன. இரை கேட்கின்றன, தாய் வந்து ஊட்டும்போது பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். தாய் மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தது. நான் இருக்கும்வரை அது இறங்காது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும். திறந்த வாய்களை மட்டும் நான்கைந்து படம் எடுத்தேன். பிறகு ஒரு குஞ்சின் கழுத்து கூட்டின் விளிம்பில் சாய்ந்தது. சற்று நேரத்தில் மற்ற இரண்டும் சாய்ந்தன.

கம்புகட்டி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தான். என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தான் ஏறிக் கூட்டைத் தொட்டுப் பார்த்தான். அப்போதும் எனக்கு அறிவு வரவில்லை. உன்னை என் பின்னால் அனுப்பியது யார் என்று கேட்டேன்.

“ஊருதான் காவல் வெச்சிருக்குது. இதுங்க எச்சம் கலந்த தண்ணியிலதான் எங்க நெல்லு வெளையுது. உச்சி வெயில்ல தாய் றெக்கைய விரிச்சு நெழல் குடுத்துக்கினு நிக்கும்பா. அத்த நீ எழுப்பிட்ட. நெழல் போனா குஞ்சுங்க வெயில் தாங்காம வாயப் பொளந்தே செத்துடும்.”

அவன் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மரம் மரமாக எத்தனை கூடுகள் அங்கே இருந்தன என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

படங்கள் நன்றாக வந்தன. முதலாளிக்கு டிசைன் பிடித்துப்போயிற்று; என் வேலையும் தங்கியது. அந்தக் கரையை ஒரு வருஷம் எவனும் திருடவில்லை. எனக்குத்தான் அதைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. முதலாளியின் கடைக்கு வந்த பெண்கள் ஜரிகைக் குஞ்சுகளின் திறந்த வாயை விரலால் தடவி, என்ன பசி பாரேன் என்று சிரிப்பார்கள். பசிதான் அம்மா என்று நானும் சொல்வேன்.